பாட்டு சர்வர் ஏன் எங்கள் போனில் மட்டும் தெரியவில்லை

வெள்ளிக்கிழமை, இரவு

அப்பாவின் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் மியூசிக் சர்வர் சில நாட்களாக என் போனிலும் அம்மா போனிலும் தெரியவில்லை. இன்டர்நெட் மட்டும் நன்றாக வருகிறது. அண்ணனிடம் சொன்னால், "ரவுட்டர் பழசாயிடுச்சு, விடு" என்கிறான்.

இன்று மாலை அவன் உப்பளம் மைதானத்துக்கு விளையாடப் போனதும் பார்த்தேன். எங்கள் இரண்டு போனும் விருந்தாளிகளுக்கான வைஃபையில் இருந்தன. அதில் இன்டர்நெட் வரும், வீட்டு சர்வர் தெரியாது. வைஃபை பாஸ்வேர்டு மாறிவிட்டது என்று சொல்லி இதில் இணைத்துக் கொடுத்தவன் அண்ணன்தான்.

லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரோடு இணைத்தேன். சர்வர் உடனே திறந்தது. அப்பாவின் பாட்டுகள் அப்படியே இருந்தன. கூடவே புதிதாக ஒரு ஃபோல்டர்: பிரெஞ்சுப் பேச்சுப் பாடங்கள். கடைசியாகக் கேட்டது நேற்று, அண்ணன் போனில். அப்பா இறந்த பிறகு, பிரான்சுக்குப் போகும் எண்ணத்தையே விட்டுவிட்டதாக அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னவன் அவன். அவனும் போய்விட்டால் அம்மாவும் நானும்தான்.

"என்னாடி, பாட்டு வருதா?" அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

"பெரிய இன்ஜினியரு! அண்ணன் வரட்டும், அவனையே பாக்கச் சொல்லு."

கேபிளைப் பிடுங்கிவிட்டேன். அண்ணன் வந்ததும், "என்னா, கண்டுபுடிச்சியா?" என்று சிரித்தான். இல்லை என்றேன். பிறகும் ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்?