முடிவு தெரிந்தவர் நீங்கள்

மதினி,

நேற்று போடியில் பஸ்சை விட்டு இறங்கியபோது எதிர்ச்சுவரில் நாம் சேர்ந்து பார்த்த அந்தப் படத்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய படம்தான், மறுபடியும் போடுகிறார்களாம். பசை வாடையோடு அந்தப் பெயரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளையைப் பிரசவத்தில் மலையிலேயே பறிகொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டத்தில் அடைமழை. ஜீப்பு மேலே ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால்தான் இந்த முறை வளைகாப்பு முடிந்த கையோடு அண்ணன் என்னைக் கீழே சிலமலையில் நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். பிரசவம் என்ற பேச்சையே என் முன்னால் யாரும் எடுப்பதில்லை. எடுக்காமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் படம் வந்தது. அது பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது ஒரு வாரம்கூட விடாமல் படித்தவர் நீங்கள். எனக்கோ எழுத்தைக் கண்டாலே கொட்டாவி. ரேடியோவில் கேட்ட பாட்டை நம்பி, போகவேண்டும் என்றேன். உங்கள் முகம் செத்துப்போனது.

"அது வேண்டாம் தாயி. வேற படம் வரட்டும், போவோம்."

"ஏன், நல்லா இல்லையா?"

நீங்கள் பதில் சொல்வதற்குள் ஆத்தா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். "மாசமா இருக்கறவ வாய்விட்டுக் கேட்டத இல்லைன்னு சொல்லலாமா? வெரசாக் கூட்டிட்டுப் போயிட்டு வா." மாமியார் பேச்சை மீறவும் முடியாமல், காரணத்தைச் சொல்லவும் முடியாமல் கிளம்பினீர்கள்.

மத்தியான ஆட்டம். எனக்கு ஒரே குஷி. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திரையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தீர்கள். இடைவேளையில், "தல வலிக்குது, போயிருவோமா?" என்றீர்கள். "நீங்க வேணா போங்க" என்று முறைத்தேன்.

அதற்குப் பிறகு கதாநாயகி மாசமானாள். உங்கள் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அவளுக்கு வலி கண்டு கதவைச் சாத்தினார்கள். வெளியே புருஷன், உள்ளே அலறல். என் வளையல்கள் சதையில் பதிந்தன. "கண்ண மூடிக்க தாயி" என்று காதில் சொன்னீர்கள். நான் மூடவில்லை. அலறல் நின்றுபோனது. கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. எனக்குள் பிள்ளை புரண்டது. திரையில் குழந்தை அழுதது. கதவு திறந்ததும் அவள் கண் விழித்துப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் கைதட்டினேன். நீங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள்.

"நல்லாத்தான மதினி முடிஞ்சுச்சு?"

"ஆமா தாயி, நல்லாத்தான் முடிஞ்சுச்சு."

மகள் பிறந்து முப்பதாம் நாள் கழிந்த பிறகுதான் சொன்னீர்கள். "கதையில அவ பொழைக்கல. படத்துல மாத்திப்புட்டாய்ங்க."

எனக்குப் பகீரென்றது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"அத எந்த வாயால உங்கிட்டச் சொல்றது?"

நான் ரசித்துப் பார்த்த படத்தை நீங்கள் நெருப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் பைண்டு செய்து வைத்த அந்தக் கதை இன்னும் பரணில் இருக்கிறது. நான் இன்றுவரை அதைப் படிக்கவில்லை.

ஆனால் முடிவைத் தெரிந்துகொண்டு ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்னவென்று பல வருடம் கழித்து, நீங்கள் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தெரிந்தது. டாக்டர் என்னையும் அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உங்கள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னாரு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, என்னைத் தேற்றவேண்டியது உங்கள் பொறுப்பு என்பதுபோல மெல்லச் சொன்னீர்கள்: "பயப்படாத தாயி. சில நேரம் மாத்திருவாய்ங்க."

மாற்றவில்லை, மதினி. ஆனாலும் இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரி வாசலில் யாருக்காக நின்றாலும், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.