இரண்டாம் கையெழுத்து

மார்ச் 6

என் செல்லத் தங்கைக்கு,

வயிற்றிலிருக்கும் வாண்டு உதைக்கிறதா? டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னால் படுத்தே இரு. எழுந்து அலமாரி அடுக்காதே.

இங்கே முதியோர் இல்லத்தில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. வலி மருந்தை ஒருத்தி ஊற்ற, இன்னொருத்தி அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமே! நீ மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே போட்டுவிட்டுப் போன கையெழுத்துதான் கைகொடுக்கிறது.

ஒரு வேடிக்கை கேள். ஏழாம் அறைப் பெரியவர் தினமும் மதியம் இரண்டு மணிக்கு என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "உன் தங்கச்சிய உக்காரச் சொல்லும்மா" என்கிறார். வயதாகிவிட்டது, பாவம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டுச் சிரிப்பு வரவில்லை. தினமும் இரண்டு மணிக்குக் கண் அசந்துவிடுகிறது. கனவில் அந்தப் பெரியவரின் கட்டிலருகே நிற்கிறேன். விழித்தால் கால் கடுக்கிறது, படுத்தே கிடப்பவளுக்கு!

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டீர்களா? செவ்வாய்க்கிழமைக் கனவில் நீ அவருக்கு மருந்து கொடுத்தாய். வேறு அறையில் மணி அடித்தது, ஓடினாய். திரும்பி வந்து மறுபடியும் ஊற்றினாய். "அக்கா, குடுத்தாச்சு!" என்று கத்தினேன். நீ திரும்பவே இல்லை.

கனவுதான் என்று உடனே எழுது.

உன் தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

கட்டிலைத் திருப்பியது போன வாரம்தான். உனக்கு யார் சொன்னார்கள்?

புட்டியை அளந்து பார்த்தேன். ஒரு வேளைக்கான மருந்து குறைகிறது. செவ்வாய் மதியம் தூங்கியவர் புதன் மாலைதான் கண் விழித்தார். அசதி என்று நினைத்திருந்தேன். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்.

அளவு சரி என்று உன் கையெழுத்து சொல்கிறது. வாயைத் திறந்தால் இருவர் வேலையும் போய்விடும். உன் காலில் விழுந்து கேட்கிறேன், மூச்சு விடாதே.

இன்று அவர், "உன் தங்கச்சி ஏம்மா அழுவுது?" என்று கேட்டார்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

மேனேஜரம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என் குற்றத்தைத்தான் முதலில் எழுதினேன். பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அதனால்தான் தினமும் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது போல. பார்த்தும் தடுக்க முடியவில்லையே, அதுதான் தாங்கவில்லை. அடுத்த தடவை பெரியவர் விழிக்காமலே போனால்?

என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. கடிதத்தை இவர் தபாலில் போட்டுவிட்டு வந்தார். இன்று மதியம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

பத்து நாளாக உன்மேல் ஆத்திரம். இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, மறைக்கமாட்டேன்.

மேனேஜரம்மா நன்றாகத் திட்டினார். பிறகு, "ஒத்த ஆள விட்டு ரெண்டு ஆள் வேலை வாங்கினது என் தப்பு" என்றார். டாக்டர் வந்து பெரியவரைப் பார்த்தார். பெரியவரின் மகனிடமும் சொல்லியாயிற்று. பயிற்சி முடியும்வரை நான் மருந்தைத் தொடக்கூடாது. புது நர்ஸ் ஊற்றுகிறாள், மேனேஜரம்மா பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், நான் ஓரமாக நிற்கிறேன்.

இன்று பெரியவர் எங்களுக்குப் பின்னால் தேடினார். "அந்தப் பொண்ணு எங்கம்மா?"

"வரலைங்க" என்றேன்.

"நல்லது. நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும், பாவம்."

உன் கால் வலியைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை.

இப்போது எப்படி இருக்கிறது கால்? எழுது.

அன்புடன்,
அக்கா