மூன்று நிமிடம்

எல்க்ஃபோர்ட், விஸ்கான்சின்
மார்ச் 6, 1994

என் செல்ல மார்ட்டாவுக்கு,

அப்பா நலம். முழங்கால் மட்டும் தனியாகக் குறைபட்டுக்கொள்கிறது. ஃபீனிக்ஸில் இப்போதே வெயில் என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே இன்னும் பனி. நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை இப்போது ஓட்டும் பையன் என் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டான். நல்ல எதிர்காலம் இருக்கிறது அவனுக்கு.

நம் வீட்டுக்குப் பின்னால், கராஜை ஒட்டி, ஒரு சின்ன வீடு கட்டப் போகிறேன். உனக்குத்தான். நம் தெரு ஒரு மனைக்கு ஒரு வீடு என்று வகுத்த பகுதி. இரண்டாவது கட்ட, மனையின் வகையை மாற்றச் சொல்லி நகரத்திடம் கேட்க வேண்டும். கேட்பதற்கும் முன்னால், கேட்கலாமா என்று கேட்க ஒரு கூட்டம் வைக்கிறார்கள். தண்ணீர், தீயணைப்பு, சாலை, மரம் என்று துறைக்கு ஓர் ஆள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்காக இத்தனை பேரா என்று கூச்சமாகிவிட்டது.

தீயணைப்புக்காரர் கேட்டார்: "பின் சந்துல எங்க வண்டி திரும்புமா?"

"என்ன இப்பிடிக் கேக்கறீங்க? இருபது வருஷம் பனி வண்டிய அங்கதான திருப்பினேன்!"

"தெரியும் டெல்பர்ட். விளக்குக் கம்பம் இன்னும் சாஞ்சுதான் நிக்குது. அதான் கேக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கடைசியாகத் திட்ட அலுவலகத்து லுண்ட் என்கிற இளம்பெண் கேட்டாள்: "யாரு குடியிருக்கப் போறாங்க?"

"என் பொண்ணு."

"வரேன்னு சொல்லிட்டாங்களா?"

"சொல்லிடுவா!"

அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். பாராட்டாகத்தான் இருக்கும்.

சன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று எழுது.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா


ஃபீனிக்ஸ்
மார்ச் 17, 1994

அன்புள்ள அப்பா,

சன்னல் இருக்கட்டும். நான் வருகிறேன் என்று எப்போது சொன்னேன்?

கிறிஸ்துமஸுக்குப் போன் செய்து, "அப்பா, எனக்கு..." என்று ஆரம்பித்தேன். "பணம்தான? அனுப்பறேன், உடம்ப பாத்துக்க" என்று வைத்துவிட்டீர்கள். நான் கேட்க வந்தது பணம் இல்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனிமேல் கடிதம் மட்டும் என்று. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

என் கல்யாணத்தில் போதகர் என்னிடம் "சம்மதமா?" என்று கேட்டபோது, முதல் வரிசையிலிருந்து "சம்மதந்தான், அவளுக்கென்ன!" என்று குரல் கொடுத்தது யார்? கோயிலே சிரித்தது. அந்தக் கல்யாணம் முறிந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு நான் என் வாயால் சம்மதம் சொன்னேனா என்று எனக்கு இன்னும் நினைவில்லை, அப்பா.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

உங்கள்,
மார்ட்டா


எல்க்ஃபோர்ட்
மே 11, 1994

என் செல்ல மார்ட்டாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுதிய ஐந்தையும் கிழித்துப் போட்டதுதான். ஐந்திலும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வீட்டுக்கான மனுவை அதற்குள் கொடுத்துவிட்டிருந்தேன். நேற்று நகர மன்றத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். உன் அப்பா ஊர் சிரிக்க நின்ற கதையைக் கேள்.

போன மாதம் பக்கத்து வீட்டு இர்மா ஒரு கையில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரமும் மறு கையில் ஒரு தாளுமாக வந்தாள். "லார்ச் தெருப் பக்கம் எவனோ ஒரே மனையில ரெண்டு வீடு கட்டப் போறானாம், டெல்பர்ட். நகரத்துலேர்ந்து நோட்டீஸ் வந்துருக்கு. எதிர்ப்பு மனு எழுதியிருக்கோம். மனை நம்பர் என்னன்னா..."

"நம்பர் எதுக்கு? பேனாவக் குடு! இப்பிடியே விட்டா ஊரே அடுக்குமாடி ஆயிரும்."

கையெழுத்துப் போட்டேன். பலகாரத்தைத் தின்றேன். நம்முடையது மூலை மனை, ஒரு பக்கம் லார்ச் தெருவில் இருக்கிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை.

கூட்டத்தில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்தால் மணி அடிப்பார்கள். நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இர்மா பேசும்போது நான் மூன்று முறை எழுந்தேன். மூன்றாவது முறை தலைவர் சொன்னார்: "உக்காருங்க டெல்பர்ட். இது அவங்க நேரம்." அப்புறம் எதிர்த்தவர்கள் பெயரைப் படித்தார். ஏழாவதாக என் பெயர்.

"டெல்பர்ட் ஹாகன்... மனு போட்டவரும் நீங்க, எதிர்க்கறவரும் நீங்களா?"

இர்மா திரும்பிப் பார்த்தாள். "அட மடையா! உன் வீடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பலகாரம் மட்டும் குடுத்துட்டுப் போயிருப்பேனே!" அதற்கும் மணி அடித்தார்கள்.

அப்புறம் லுண்ட் தன் அறிக்கையைப் படித்தாள். தண்ணீர் பரவாயில்லை, சந்து பரவாயில்லை, மரம் பரவாயில்லை. "ஆனா அங்க குடியிருக்கப் போறவங்க சம்மதம் நமக்குத் தெரியாது. மார்ச் மாசமே கேட்டேன், அவங்க அப்பாதான் பதில் சொன்னாரு." முடிவை ஜூன் 14க்குத் தள்ளி வைத்தார்கள்.

மனையைச் சுற்றி முந்நூறு அடிக்குள் இருக்கிற எல்லோரையும் இந்த ஊர் கேட்கிறது, மார்ட்டா. நாய் வளர்க்கிறவனைக்கூடக் கேட்டார்கள். நான்தான் உன்னைக் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். வருவாயா?

அன்புடன்,
அப்பா


ஃபீனிக்ஸ்
மே 22, 1994

அன்புள்ள அப்பா,

எதிர்ப்பு மனு இடத்தைப் படித்து, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நோயாளி பயந்துபோனார்.

லுண்டுக்குப் போன் செய்தேன். ஜூன் 14 கூட்டத்தில் பேச என் பெயரைப் பதிந்துகொண்டார். "ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றேன், காலியாக விட்டுவிட்டார்.

அந்த வீட்டைப் பற்றி மட்டும் பேசப் போவதில்லை. அம்மா இறந்த பிறகு உங்களிடம் சொல்ல ஆரம்பித்து முடிக்காமலே விட்டது நிறைய இருக்கிறது. மூன்று நிமிடம் போதாதுதான். ஆனால் என் வாழ்க்கையில் நீங்கள் குறுக்கே பேசாத முதல் மூன்று நிமிடம் அதுவாக இருக்கும். மணி அடிக்க ஆளும் இருக்கிறது.

முன் வரிசையில் உட்காருங்கள்.

உங்கள்,
மார்ட்டா


எல்க்ஃபோர்ட்
மே 31, 1994

மார்ட்டா,

எதிர்த்தவர்களும் மற்றவர்களும் பேசி முடித்த பிறகு, மனு போட்டவர் எல்லோருக்கும் பதில் சொல்ல ஐந்து நிமிடம் உண்டு. விதியிலேயே இருக்கிறது. இன்று அலுவலகத்துக்குப் போய், எனக்கு அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

லுண்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "நெஜமாவா, டெல்பர்ட்?"

கூட்டத்தில் இர்மா என் பக்கத்தில் உட்காருகிறாள், நான் வாய் திறந்தால் கிள்ளுவதற்கு.

தாளில் இன்னும் பாதி இடம் இருக்கிறது. அப்படியே விடுகிறேன்.

அப்பா