சுவரில் ஒட்டிய காகிதத்தின் பின்பக்கம்

நேரில் ஒரு நாளும் நான் கொஞ்சிப் பேசியிராத என் ரீட்டா அக்காவுக்கு,

இன்றைக்கு மதியம் ரைஸ் குக்கரில் சோறு வைத்தேன். ஸ்விட்ச் டக்கென்று மேலே வந்தது. உள்ளறையிலிருந்து "ஆச்சாடா?" என்று கேட்டாய். "ஆச்சு, பத்து நிமிஷம் பொறு" என்று நானும் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பிறகுதான் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. தினமும் இந்தக் கூத்துதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஏன் அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாய்? உயிரோடு இருந்தபோது கடைசி ஏழு மாதம் நீ எதையுமே கேட்கவில்லையே.

லிங்கராஜபுரத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோக்காரன் உள்ளே வர மாட்டேன் என்கிறான். உன் மகள் ஷீலா சர்ச்சில் பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிறாள். உன்னைப் போலவே செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறாள். எனக்கும் பிரஷர் வந்துவிட்டது. சிரிக்காதே. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஏனென்றால் அதிலிருந்துதான் எல்லாம் வெளியே வந்தது.

உன் இதயம் பலவீனமாகிவிட்டது, உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக் கிளினிக்கில் ஒரு சாப்பாட்டுக் காகிதம் கொடுத்தார்கள், ஞாபகமிருக்கிறதா? முன்பக்கம் இங்கிலீஷ். பின்பக்கம் கன்னடம். இந்த ஊரில் எந்தக் காகிதமும் இரண்டு பாஷையில்தானே வரும், ஒரே சமாசாரம்தான் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கன்னடம் சண்டை போடுகிற அளவுக்குப் பேச வரும், படிக்க வராது. கன்னடப் பள்ளிக்கூடத்து டீச்சர் நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். உன் கையில் அதை ஒரு நிமிஷம் கொடுத்தேனா? நோயாளிக்கு எதற்கு என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் புத்தி எங்கே போகும்? விதிமுறை என்று எது வந்தாலும் சுவரில் ஏற்றினால்தான் எனக்குத் தூக்கம் வரும். காகிதம் முழுவதும் பசை தடவி, குக்கருக்கு நேர் மேலே, ஒரு மூலைகூடத் தூக்காமல் ஒட்டினேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் விற்கிற மசாலாப் பொடி எல்லாம் கூடாது என்று அதில் இருந்தது. பொடியில் உப்புக் கலந்திருக்கும் என்பதற்காகச் சொன்னது அது. நான் மசாலா என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அஞ்சறைப்பெட்டியையே பரணில் தூக்கி வைத்தேன்.

அப்புறம் உனக்குக் கிடைத்தது வெறும் தண்ணீரில் வெந்த சோறு. அவித்த காய். உப்பில்லாத மோர். இதே குக்கரில் தேங்காய்ப்பால் சோறு ஆக்கித் தெருவையே மணக்க வைத்தவள் நீ.

ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாய். "ரெண்டு லவங்கம், ஒரு பிரிஞ்சி இலை போட்டு வெச்சாக்கூட உள்ள எறங்கும்டா. மண்ணைத் தின்ற மாதிரி இருக்கு."

நான் கரண்டியை நீட்டிக்கொண்டு கத்தினேன். "உனக்கு நாக்கு பெருசா, உசுரு பெருசா?"

நீ என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு கடைசிவரை சாப்பாட்டில் எதையுமே கேட்கவில்லை. பாவி, அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

போன மாதம் அதே கிளினிக்கில், அதே காகிதத்தை எனக்கும் கொடுத்தார்கள். சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற சின்னப் பெண்ணிடம், "தெரியும்மா, மசாலா எதுவும் கூடாது" என்று பெரிய மனுஷனாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "யார் சார் சொன்னது? உப்புதான் கம்மி பண்ணணும். சீரகம், லவங்கம், பட்டை, இஞ்சி, பூண்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் போடலாம். இல்லாட்டி எப்படி சார் சாப்பிட முடியும்? பின்னாடி எழுதியிருக்கு பாருங்க." காகிதத்தைத் திருப்பி, கன்னடத்தை விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். எதையெல்லாம் போடலாம் என்கிற பட்டியல் அக்கா அது. சோற்றில் எப்படிப் போடுவது என்றுகூட இருந்தது.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. வந்ததும் சுவரில் இருந்ததைப் பிய்த்தேன். இங்கிலீஷ் பக்கம் மட்டும் உரிந்து வந்தது. பின்பக்கம் மெல்லிய தோலாகச் சுவரோடு தங்கிவிட்டது. அந்தக் கன்னட எழுத்துகள் உள்ளிருந்து இடவலம் மாறி மங்கலாகத் தெரிகின்றன. ஈரத்துணியால் தேய்த்தேன், கத்தியால் சுரண்டினேன், போகவில்லை. சமைக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

அந்தக் கிளினிக் பெண் படித்துக் காட்டியபடி போன ஞாயிறு ஆக்கினேன். அரிசியைக் கழுவி அரை மணி ஊறவைத்துத் தண்ணீரை வடித்தேன். குக்கர் பாத்திரத்தில் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, சீரகம், லவங்கம், பிரிஞ்சி இலை, தட்டிய இஞ்சி பூண்டு. வாசனை வந்ததும் அரிசியைப் போட்டு இரண்டு பிரட்டு. பச்சைத் தண்ணீருக்குப் பதில் கேரட், வெங்காயம் வெந்த தண்ணீர். வெந்த பிறகு பத்து நிமிஷம் மூடியைத் தொடவில்லை. கடைசியில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, உடையாமல் கிளறிவிட்டேன். ஒரு கல் உப்பு போடவில்லை. அவ்வளவு ருசி.

ஷீலா உள்ளே வரும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டவள், சட்டென்று கண்ணைத் துடைத்தாள். "அம்மாவுக்கும் இப்படித்தானே ஆக்கிப் போட்டீங்க மாமா? போன்ல எப்பவும் சொல்வாங்க. 'உப்பில்லன்னாலும் உங்க மாமன் ருசியா ஆக்கிப் போடுறான்டி, நீ கவலப்படாத'ன்னு. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் அக்கா? என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா? அப்போது வெளியூரில் இருந்த அவள் பயந்துபோய் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்றா? மண்ணைத் தின்றுகொண்டு என்னைப் புகழ்ந்திருக்கிறாய். உன் வாய் ருசியைப் பிடுங்கினேன். போன ஞாயிறு ஷீலாவிடம் தலையாட்டி, நீ பட்ட பாட்டையும் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

வருகிற ஞாயிறு ஷீலா வந்ததும், தட்டு வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். சாப்பிட வைத்துவிட்டுச் சொன்னால் அதுவும் ஒரு தந்திரமாகிவிடும். அவள் எழுந்து போனால் தடுக்க மாட்டேன். அப்புறம் வராமலே இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் பொறுத்துக்கொள். என் பொய்யை உடைக்கும்போது, எனக்காக நீ சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

உன் கூடப் பிறந்தவன்,
சேவியர்