இரண்டாவது அட்டை

வெள்ளிக்கிழமை. நல்ல மழை.

சாயங்காலம் ஜெசி எனக்குக் கட்டன் சாயா கொண்டுவந்தாள். இடது பக்கமாக நீட்டியிருக்கிறாள். நான் பார்க்கவே இல்லை. என் கை தட்டி, சாயா முழுவதும் அவள் காலில் கொட்டிவிட்டது. கட்டின பொண்டாட்டியின் காலைச் சுட்டுவிட்டு எருமைமாடு மாதிரி நிற்கிறேன். அவள் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

போன குத்துச்சண்டையில் வாங்கிய அடியில் போன இடது கண். யாரிடமும் சொல்லவில்லை. நூற்றுப்பத்து கிலோ பாக்சருக்கு நம் ஊரில் எதிராளி கிடையாது. துபாயில் புதுப் பையன்கள் ஜெயித்துக் காட்ட ஒரு பெரிய உடம்பு வேண்டும், அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு வேறு வேலையும் தெரியாது. அடுத்த வாரம் அங்கே டாக்டர் சோதனை. நல்ல கண்ணை மூடிப் படிக்கச் சொல்வார்கள் என்று, கண் பார்க்கிற எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

சாப்பிடும்போது மீன்கறிச் சட்டியை என் வலது பக்கம் நகர்த்தி வைத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "போவாதிய" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டிய பையை அவிழ்த்துவிடுவேன். மரச்சீனிக் கிழங்கைப் பிசைந்துகொண்டே காத்திருந்தேன்.

"ஒறக்கத்துல எழுத்தா சொல்லுதிய," என்றாள். "அங்க வேற அட்டைய மாட்டியிருந்தா என்ன செய்விய?"

அவள் போனில் தேடி, இன்னொரு அட்டையை நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சின்னது.

நாலு வரி மனப்பாடம் ஆகிவிட்டது. இருக்கிற கண்ணும் எரிகிறது. காலையில் ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறாள்.