அத்திபெலே அச்சகத்துக்குப் போன சிடி

12-6-2000, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீசிலேயே. வாங்க வேண்டியது: காபிப்பொடி, பல்பு, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் எங்கள் சாஃப்ட்வேரின் புது சிடி தயார். எழுத்துகளைத் திரையில் வரைகிற டிஎல்எல் ஃபைலும் இந்த முறை உள்ளேயே. போன முறை அது இல்லாமல் அனுப்பி, திறக்கவே இல்லை என்று திட்டு வாங்கியது போதும்.

இன்னொன்றும் செய்தேன். இன்ஸ்டால் செய்யும்போது சில பொது ஃபைல்களுக்கு, "இந்த மெஷினில் இதைவிடப் புதிய ஃபைல் இருக்கிறது, மாற்றலாமா?" என்று கேட்கும். ஒவ்வொரு ஊரிலிருந்தும் எனக்குப் போன். "அக்கா, எஸ்ஸா நோவா?" சலித்துப்போய் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன். இனி கேட்காமல் மாற்றிக்கொள்ளும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? என் மெஷினில் ஜோராக ஓடியது.

நாளை எங்கள் ஆபீஸ் எட்வின் அதை எடுத்துக்கொண்டு அத்திபெலே அச்சகத்தில் போட்டுக்கொடுக்கப் போகிறான். பாவம், காக்ஸ் டவுனில் எங்கள் எதிர்ச் சாரியில் நாலு வீடு தள்ளி இருக்கிற பையன். இந்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

14-6, புதன்

மழை இல்லை. சாம்பார் ஊசிவிட்டது. மதியம் வெறும் தயிர்சாதம்.

அத்திபெலே அச்சக முதலாளி முனிரத்தினம் போனில். "நேத்து உங்க ஆளு வந்து போட்டுட்டுப் போனாரும்மா. உங்களுது ஓடுது. நான் வச்சிருந்த கன்னட சாஃப்ட்வேர் தொறக்கவே மாட்டேங்குது. நாளன்னிக்குப் பத்திரிகை குடுக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க."

உடனே புரிந்துவிட்டது. அந்தக் கன்னட சாஃப்ட்வேருக்கும் அதே டிஎல்எல்தான், ஆனால் புதியது. எங்கள் சிடி பழையதைக் கொண்டுபோய் அதன் மேல் போட்டுவிட்டது. விண்டோஸ் ஃபோல்டர் எல்லோருக்கும் பொது. பொதுக் குழாயில் அடுத்தவர் குடத்தைத் தள்ளிவிட்டு என் குடத்தை வைத்திருக்கிறேன்.

மேனேஜர் ராவ் எட்வினைக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே.

"ஏன்ப்பா, கேள்வி வந்தா படிக்க மாட்டியா? எஸ் எஸ்னு அழுத்திட்டே போயிடுவியா?"

"கேள்வியே வரல சார்."

"போன சிடில வந்துது. இதுல மட்டும் எப்படி வராம போகும்? வரும்ல, சுதா?"

"பார்க்கிறேன் சார்" என்றேன். பொய் சொல்லவில்லையே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். பொய்தான். சுத்தப் பொய்.

15-6, வியாழன்

மறுபடி புது சிடி. டிஎல்எல் இப்போது எங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும், விண்டோஸைத் தொடாது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். கேள்வியையும் திரும்ப வைத்தேன், சத்தமில்லாமல்.

எட்வின் மறுபடி அத்திபெலே. கன்னட சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிவிட்டு எங்களுடையதைப் போட்டானாம். இரண்டும் ஓடுகின்றன. முனிரத்தினத்துக்கு ஒரே சந்தோஷம். ராவ் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். காபி வரவழைத்தார். குடித்தேன். வெட்கங்கெட்டவள்.

எட்வினுக்கு வேலை நிரந்தரம் இப்போது இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

16-6, வெள்ளி

பல்பு வாங்க மறந்தாயிற்று, திரும்பவும்.

பஸ் ஸ்டாப்பில் எட்வின் அம்மா. ஸ்கூல் டீச்சர், நின்றால் நேராக நிற்பார். "சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தாம்மா. கேள்வியைப் படிக்காமலே விடை எழுதுவான். இப்ப பொய் வேற. கேள்வியே வரலன்னு சாதிக்கிறான். ஏதோ உன்னால வேலையாவது மிஞ்சுச்சு. நீ நல்லா இருக்கணும்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அது என் பஸ் இல்லை.

17-6, சனி

அரை நாள் ஆபீஸ். மாடிப்படியில் எட்வின்.

"அக்கா, யோசிச்சுப் பார்த்தேன். நான்தான் அழுத்தியிருப்பேன் போல. அவசரத்துல கை போயிருக்கும். சார்கிட்டயும் ஒத்துக்கிட்டேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். கேள்வியை எடுத்தது நான், யாரிடமும் சொல்லாதது நான், ராவ் கேட்டபோது மழுப்பியதும் நான்.

திட்டுவான் என்று நின்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ நான் சொன்னது நிஜம்தானாக்கா?"

"நிஜம்தான்."

"சார்கிட்ட அப்புறம் சொல்லுங்க. மொதல்ல வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லிடுங்க. என்னைப் பொய்யன்னு நினைச்சுக்கிட்டு முகம் குடுத்தே பேசறதில்ல."

நாளை சர்ச் முடிந்ததும் வருகிறேன் என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ராவுக்குத்தான் போன் போட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மண்டே ரூமுக்கு வாங்க." வேலை போனாலும் போகட்டும். எட்வின் அம்மா முன்னால் போய் நிற்பதற்கு அது பரவாயில்லை.

18-6, ஞாயிறு

வெயில். அம்மாவுக்குத் தைலம் தேய்த்தாயிற்று. பல்பு மாட்டியாயிற்று. சேலை மாற்றி, வாசல்வரை போய், திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

சர்ச் முடிந்து அவர்கள் வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியே தெரிகிறது. எட்வின் வராந்தாவில் நாற்காலி கொண்டுவந்து போடுகிறான். ஒன்று அம்மாவுக்கு. எதிரில் ஒன்று, துணியால் துடைத்துப் போடுகிறான், எனக்கு.