ஒலிபெருக்கியில் கேட்ட பெயர்

பிப்ரவரி 3

"மாமா, சொன்னா வெளியே போகாத இடம் எது?"

போன மாதம் இப்படிக் கேட்டாள், எங்களோடு இருக்கும் தங்கை மகள். பள்ளியிலேயே ஆலோசகர் அறை இருக்கிறதே, போய்ப் பேசு என்றேன். போனாள். மறுவாரம் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லி, "உடனே ஆலோசகர் அறைக்கு வரவும்" என்று கூப்பிட்டிருக்கிறார். பள்ளி முழுக்கக் கேட்டது. இப்போது வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'லூசு'. வீட்டில் மனதில் உள்ளதைச் சொல்ல வாயே திறப்பதில்லை.

பிப்ரவரி 4

விடமாட்டேன்.

பிப்ரவரி 9

தலைமையாசிரியரிடம் நேரில் போய்க் கேட்டேன்.

"இத்தனை வகுப்புக்கும் ஆள் அனுப்ப முடியுமா சார்? நீங்களும் இங்க வாத்தியாரா இருந்தவர்தானே!"

சிரிக்கிறார்! குடையை மறந்தவளைக் கூப்பிடுவதும் மனம் நொந்தவளைக் கூப்பிடுவதும் ஒன்றா?

பிப்ரவரி 17

தானாக வந்து மாட்டினார். அவருடைய பணி ஓய்வு விழாவில் நான் வாழ்த்திப் பேச வேண்டுமாம். அதே மைக்! அவர் குரலிலேயே சொல்வேன்: "தலைமையாசிரியர் உடனே ஆலோசகர் அறைக்கு வரவும்." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கட்டும். அவர் காது சிவக்கட்டும். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். இனித்தது.

பிப்ரவரி 20

ஒத்திகையைக் கேட்டுவிட்டாள்.

"செம காமெடி மாமா. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே!"

"இப்ப என்னைப் பாத்துதான் சிரிக்கிறாங்க. அப்புறம் அந்த ரூமைப் பாத்தே சிரிப்பாங்க. யாரு உள்ள போவா?"

ச்சே. அவர்மேல் எறிந்த கல் அந்த அறைமேல் அல்லவா விழும்? ஆனாலும் கோபம் தணியவில்லை. என்ன செய்ய?

பிப்ரவரி 28

விழாவில் மைக்கைப் பிடித்தேன். "இனி எந்தப் பிள்ளையையும் ஒலிபெருக்கியில் ஆலோசகரிடம் கூப்பிடக் கூடாது. இதை நம் தலைமையாசிரியரே இப்போது அறிவிப்பார்" என்று அவரிடம் நீட்டினேன். அரங்கம் கைதட்டியது. மறுக்க வழியில்லை. வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். அடுத்து வரப்போகும் தலைமையாசிரியை முன்வரிசையில் தலையசைத்தார். இவருக்குக் காது சிவந்துதான் போயிற்று. ஆசை தீரப் பார்த்தேன்.

மார்ச் 5

பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் நிமிரவில்லை. அவளும் உரித்தாள். பாதிக் கிண்ணம் நிறைந்த பிறகு, தோலைப் பார்த்தபடியே, "நாளைக்கு அந்த ஆலோசகர் மேடத்தைப் பாக்கப் போறேன் மாமா. அன்னிக்கு அவங்ககிட்ட என்ன சொன்னேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

வீட்டில் பேசாத பிள்ளை இருந்தால், எதிரே உட்காரவைத்துக் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் பட்டாணி உரித்துப் பாருங்கள்.